ஆறெழுத்து ஊர்கள்

விழுப்புரம் என்ற பெயரில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் விரல் மடக்கிச் சொல்லிவிடும்: வி, ழு, ப், பு, ர, ம். ஆறு. திண்டிவனத்துக்கும் ஆறுதான். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். கால் நூற்றாண்டாக இந்த இரண்டு ஊருக்கும் இடையில் கணினியைக் கட்டிக்கொண்டு அலைந்தவன் நான்.

இதே கேள்வியைக் கணினியிடம் கேட்டால் பதில் வேறு. பாஷ் ஷெல்லில் ஒரு மாறியில் ஊர்ப்பெயரைப் போட்டு அதன் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். கணினி தமிழ் லோக்கேலில் இருந்தால் விழுப்புரத்துக்கு 11, திண்டிவனத்துக்கு 10 என்று வரும். லோக்கேலை ‘சி’ என்று மாற்றிவிட்டு அதே வரியை மறுபடி ஓட்டினால் 33, 30. பெட்டி அதேதான், ஷெல் அதேதான், பெயரும் அதேதான். பிள்ளை சொன்ன ஆறு மட்டும் எந்த அமைப்பிலும் வராது.

லோக்கேல் என்பது நிரல்களுக்கு நாம் தரும் ஒரு குறிப்பு. எந்த மொழியில் செய்தி சொல்ல வேண்டும், எழுத்துகளை எந்தக் குறியீட்டில் படிக்க வேண்டும், அகரவரிசை எது, தேதியை எப்படி எழுதுவது, தசமத்துக்குப் புள்ளியா காற்புள்ளியா என்பதெல்லாம் அதில் அடங்கும். யூனிகோடில் ‘வி’ என்பது வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடு. அப்படி எண்ணினால் விழுப்புரம் 11. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘சி’ லோக்கேலுக்கு எழுத்து என்ற எண்ணமே கிடையாது, பைட்டை மட்டும் எண்ணும். அதனால் 33. ஒரே ஸ்கிரிப்ட் ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் விழுவதற்கு இந்தச் சின்னக் கணக்கு போதும்.

2001-இல் திண்டிவனத்தில் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் பாதை பிரிகிற ஊர் என்பதால் மூன்று பக்கத்துக் கிராமத்தாரும் கடைக்கு வருவார்கள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, நினைவஞ்சலி, தேர்தல் வந்தால் துண்டுப் பிரசுரம். தமிழ் என்றால் அன்று எங்களுக்கு எழுத்துரு என்றே பொருள். பாமினியில் அடித்ததைப் பாமினியில்தான் திறக்க வேண்டும். வானவில்லில் அடித்ததைப் பாமினியில் திறந்தால் கோழி கிளறிய குப்பை போல இருக்கும். ஒவ்வொரு எழுத்துருவும் தனித் தீவு.

கணினியின் கண்ணுக்கு அந்தத் தமிழ் தெரியவே தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பாமினியில் சின்ன எம் அடித்தால் ‘அ’, பெரிய எம் அடித்தால் ‘ஆ’. சின்ன ஜி ‘ப’, பெரிய ஜி ‘பு’. சின்ன ஓ ‘ழ’, பெரிய ஓ ‘ழு’. திரையில் பார்க்கிற நமக்கு அது தமிழ். உள்ளே இருக்கிற நிரலுக்கு அது எழுத்துப்பிழை மலிந்த ஆங்கிலம்.

2003-இல் லினக்ஸ் ஃபார் யூ என்ற இதழ் வரத் தொடங்கியது. இதழோடு ஒரு வட்டும் வரும். அந்த வட்டிலிருந்து கடையின் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, ஷெல் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டேன். நான் முதன்முதலில் பெருமையோடு எழுதிய ஸ்கிரிப்ட் ஒரு முகவரிப் பட்டியலைச் சுத்தம் செய்வது. அழைப்பிதழ் அனுப்ப வந்த பட்டியல். ஒரே ஆளின் பெயர் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் இன்னோரிடத்தில் சின்ன எழுத்திலும் இரண்டு முறை இருந்தது. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, வரிசைப்படுத்தி, இரட்டைப் பதிவுகளை நீக்கினேன். நான்கு வரி. ஒரு நொடியில் முடிந்தது.

அதே கோப்பில் ஊர்ப்பெயர்கள் பாமினியில் இருந்தன. அவற்றிலும் பெரிய எழுத்தெல்லாம் சின்ன எழுத்தாகிவிட்டது. ‘ழு’ ‘ழ’ ஆயிற்று, ‘பு’ ‘ப’ ஆயிற்று. விழுப்புரம் என்பது விழப்பரம் என்று உறைகளில் அச்சாகி, பாதி ஒட்டியும் முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. அத்தனை உறையையும் மறுபடி அச்சிட்டோம். அன்றிரவு கடையில் உட்கார்ந்து யோசித்தது இன்றும் நினைவில் இருக்கிறது. ஸ்கிரிப்டில் பிழை எதுவும் இல்லை. சொன்னதைச் சரியாகச் செய்தது. அதனிடம் இருந்தது தமிழ் என்பதைச் சொல்லத்தான் வழியில்லாமல் இருந்தது.

அந்த வருடங்களில் விழுப்புரம் சந்திப்பில் இறங்கி ஏறியவர்களுக்கு இந்த நிலை புரியும். சென்னையிலிருந்து வருகிற வண்டி 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் வந்து நிற்கும். மயிலாடுதுறைப் பக்கம் போக வேண்டியவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி, ஒரு மீட்டர் பாதையில் நிற்கிற வண்டிக்கு மாற வேண்டும். ஆளும் அதே ஆள், சாமானும் அதே சாமான், தண்டவாளம் மட்டும் ஒத்துவராது. நாங்கள் எழுத்துருவுக்கு எழுத்துரு சாமான் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அன்றைய ஸ்கிரிப்ட்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் ஓடின என்று சிலர் இப்போது சொல்கிறார்கள். உண்மைதான். எல்லாக் கணினியும் ஆங்கிலத்தில் இருந்தது. எந்தக் கட்டளையும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும். தமிழ் அந்தப் பக்கமே வராதபோது தமிழால் எதுவும் உடைவதற்கில்லை. அந்த அமைதியை நம்பகத்தன்மை என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மாற்றம் எங்கோ தொலைவில் முன்பே தொடங்கியிருந்தது. யூனிகோடின் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து யூடிஎஃப்-8 முறையை வகுத்தார்கள். அது நம் மேசைக்கு வந்து சேரப் பத்தாண்டு ஆயிற்று. 2002-இல் வெளிவந்த ரெட் ஹேட் லினக்ஸ் 8.0 யூடிஎஃப்-8 முறையையே இயல்பான அமைப்பாக வைத்தது. உலகம் முழுக்க நிர்வாகிகள் திகைத்தார்கள். ஒரு எழுத்து ஒரு பைட் என்று நம்பி எழுதிய ஸ்கிரிப்ட்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறின. அதே 2002-இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சிக்குத் தமிழின் பழைய டிஸ்கி குறியீட்டை யூனிகோடாக மாற்றும் பகுதியை புரூனோ ஹைபிள் என்பவர் எழுதிச் சேர்த்தார். டிஸ்கியில் சேமித்த கோப்பை ஒரே கட்டளையில் மீட்டுவிடலாம். ஆனால் பாமினி, வானவில் தீவுகளுக்கு அந்தப் பாலம் நீளவில்லை.

2010-இல் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையும் அகலப் பாதையாகித் திறந்தது. அதே ஆண்டு ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வரத் தொடங்கியது. அவற்றில் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் இருந்தது. மயிலத்துப் பிள்ளையும் மரக்காணத்துப் பிள்ளையும் தங்கள் பெயரில் ஒரு லினக்ஸ் கணினியைத் திறந்தார்கள். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுக்கும் மேலாகக் கிராமத்து மாணவர்களைச் சேர்த்துக் கட்டணமில்லாமல் கட்டற்ற மென்பொருள் சொல்லித் தருகிறது. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ், லினக்ஸை எளிய தமிழில் எழுதிப் பழக்கியது. திரை தமிழில், பட்டியல் தமிழில், கோப்பின் பெயரும் தமிழில் இருப்பது இன்று அதிசயமில்லை.

அப்படித் தமிழ் உள்ளே வந்த பிறகுதான் ஸ்கிரிப்ட்கள் உடையத் தொடங்கின.

சில மாதங்களுக்கு முன் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி மாணவி தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய அப்பா நடத்தும் உரக்கடையின் கணக்குக் கோப்புகளை நாள்தோறும் நகலெடுக்க ஒரு ஸ்கிரிப்ட். வார நாட்களில் மாறிய கோப்பு மட்டும், ஞாயிற்றுக்கிழமை முழு நகல். இன்று என்ன கிழமை என்று டேட் கட்டளையைக் கேட்டு, ‘சண்டே’ என்று ஆங்கிலத்தில் பதில் வந்தால் முழு நகல் எடு என்று எழுதியிருந்தது. அவருடைய கணினி தமிழில் இருந்தது. டேட் கட்டளை ‘ஞாயிறு’ என்று முறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக ஒரு முழு நகல்கூட எடுக்கப்படவில்லை. பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஞாயிறும் ஞாயிற்றுக்காகக் காத்திருந்தது.

“சார், எல்லாரும் கம்ப்யூட்டரை இங்கிலீஷுக்கு மாத்திடும்மான்னு சொல்றாங்க. மாத்தினா ஓடுது. ஆனா அப்பாவுக்கு அப்புறம் ஸ்கிரீன் புரியாதே,” என்றார்.

இந்த அறிவுரையைத்தான் நான் இத்தனை வருடமாக எதிர்த்து வருகிறேன். இணையத்தில் தேடினாலும் இதுதான் கிடைக்கும், மூத்த நிர்வாகிகளைக் கேட்டாலும் இதுதான் கிடைக்கும். நான்கு வரி ஸ்கிரிப்டைத் திருத்துவதற்குப் பதில் ஒரு குடும்பத்தின் திரையை மொழி மாற்றச் சொல்வது என்ன நியாயம்? உரக்கடைக்காரர் தமிழில் வேலை செய்வது பிழையில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டது ஸ்கிரிப்ட். எனவே திருத்த வேண்டியது அதைத்தான்.

அந்த ஞாயிற்றுச் சிக்கலுக்கு விடை மிக எளிது. டேட் கட்டளையிடம் கிழமையின் பெயரைக் கேட்காமல் கிழமையின் எண்ணைக் கேட்கலாம். சதவீதக் குறிக்குப் பின் சின்ன ‘யு’ போட்டால் திங்கள் 1, ஞாயிறு 7. எந்த மொழியிலும் 7 என்பது 7-தான். கோப்பின் பெயரில் தேதி வேண்டுமென்றால் மாதப் பெயரைத் தொடவே வேண்டாம், ஆண்டு-மாதம்-நாள் என்று எண்ணாகவே எழுதும் வசதி இருக்கிறது. அப்படி எழுதினால் பெயர் வரிசையே தேதி வரிசையாகவும் அமைந்துவிடும். முதலில் தேட வேண்டியது இப்படிப்பட்ட வழியைத்தான். மொழியைச் சாராத கேள்வி ஒன்று இருக்கும்போது மொழியைச் சார்ந்த கேள்வியைக் கேட்கக் கூடாது. ஒரு கட்டளை தோற்றதா என்று அறிய, அது அச்சிட்ட செய்தியில் ஆங்கிலச் சொல்லைத் தேடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தச் செய்தியை மொழிபெயர்த்துவிட்டால் தேடல் பொய்த்துவிடும். கட்டளை முடியும்போது திருப்பித் தருகிற எண்ணைப் பார்த்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் இப்படி மாற்று வழி கிடைப்பதில்லை. அகரவரிசை அப்படிப்பட்டது.

மாவட்டத்தின் ஒன்பது வட்டங்களின் பெயரையும் ஒரு கோப்பில் போட்டு வரிசைப்படுத்திப் பார்த்தேன். கண்டாச்சிபுரத்தில் தொடங்கி விழுப்புரத்தில் முடியும் வரிசை, ‘சி’ லோக்கேலிலும் தமிழ் லோக்கேலிலும் ஒன்றாகவே வந்தது. இப்படி ஒரு சோதனையோடு நிறுத்திக்கொண்டு எல்லாம் சரி என்று நம்புகிறவர்கள் நிறைய. ஊராட்சி, கிராமம் என்று கீழே இறங்கும்போதுதான் உண்மை தெரியும். வல்லம், வளவனூர், வழுதாவூர் என்று ‘சி’ லோக்கேல் வரிசைப்படுத்தும். நம் இலக்கண வரிசையில் ழகரம் முன், ளகரம் பின். வழுதாவூர் வந்த பிறகுதான் வளவனூர் வர வேண்டும். யூனிகோடின் தமிழ்க் கட்டம் இந்தியத் தர நிர்ணயமான இஸ்கியைப் பின்பற்றி அமைந்தது. அது நாகரி எழுத்துகளின் வரிசையை அடியொற்றியது. அதனால் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும், றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும், வகரம் ழகரத்துக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கின்றன. பைட்டை மட்டும் பார்க்கிற ‘சி’ அந்த வரிசையை அப்படியே ஒப்பிக்கும். புள்ளி வைத்த எழுத்துக்கும் இதே கதிதான். அகராதியில் ‘கண்’ முன்னே வரும், ‘கணி’ பின்னே வரும். பைட் வரிசையில் ‘கணி’ முந்திக்கொள்ளும்.

இதில் எது சரி என்பது பட்டியல் யாருக்கு என்பதைப் பொறுத்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிற பட்டியல் என்றால் வழுதாவூர்தான் முன்னே வர வேண்டும், அதில் சமரசம் கூடாது. இன்னொரு கட்டளை படிக்கப் போகிற பட்டியல் என்றால் எந்த வரிசையும் பரவாயில்லை, இரு பக்கமும் ஒரே வரிசையாக இருந்தால் சரி. சார்ட் கட்டளையைத் தமிழ் லோக்கேலில் ஓட்டி, அதன் விளைவை ‘சி’ லோக்கேலில் ஓடும் ஜாயின் கட்டளையிடம் கொடுத்தால், கோப்பு வரிசையில் இல்லை என்று அது முரண்டு பிடிக்கும். சில வரிகளைப் பொருத்தாமலேயே விட்டுவிடும். விட்டுப்போன கிராமத்தை யார் தேடப் போகிறார்கள்?

உலகளவிலும் இப்படி ஒன்று நடந்தது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 பதிப்பில் அகரவரிசை விதிகளைப் புதிய பன்னாட்டுத் தரத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்கள் பலவற்றின் எழுத்துச் சுட்டுகள் பழைய வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. இயங்குதளத்தைப் புதுப்பித்ததும், இருக்கிற பதிவையே இல்லை என்று சொல்லும் நிலை வந்தது. சுட்டுகளை மறுபடி கட்டித்தான் மீள வேண்டியிருந்தது. அகரவரிசை என்பது பள்ளிக்கூடத்துச் சங்கதி என்று எண்ணியிருந்த பொறியாளர்கள் அன்றைக்கு விழித்துக்கொண்டார்கள்.

ஆங்கிலத்துக்குள்ளேயே இந்தத் தொல்லை இருந்தது. ‘சி’ லோக்கேலில் பெரிய எழுத்தெல்லாம் முதலில், சின்ன எழுத்தெல்லாம் பிறகு. அமெரிக்க ஆங்கில லோக்கேலில் இரண்டும் அகராதி போலக் கலந்து வரும். அதனால் சின்ன ஏ முதல் சின்ன இசட் வரை என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் பெரிய எழுத்தில் தொடங்கும் கோப்புகளும் மாட்டிக்கொள்ளும். நீக்கு கட்டளையில் அப்படி எழுதி, நீக்கக் கூடாததை நீக்கியவர்கள் உண்டு. 2019-இல் வந்த பாஷ் 5.0 முதல், இத்தகைய வீச்சுகளை லோக்கேல் எதுவாயினும் ‘சி’ முறையிலேயே பாஷ் எடுத்துக்கொள்கிறது. நல்ல முடிவு. ஆனால் எல்லா ஷெல்லும் பாஷ் இல்லை, எல்லாக் கணினியிலும் புதிய பாஷ் இல்லை.

எண்களைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குப் பயம் குறைவு, இந்தியாவில் தசமத்துக்குப் புள்ளிதான் என்பதால். ஆனால் இங்கிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பயணம். அங்கே பிரான்சுக்கும் இங்குமாக வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். பிரெஞ்சு அமைப்பில் உள்ள ஒரு மடிக்கணினியில் என் வாடகைக் கணக்கு ஸ்கிரிப்டை ஓட்டினேன். 12.50 என்பது எண்ணே இல்லை என்று பாஷின் பிரிண்ட்எஃப் முறையிட்டுவிட்டு 12,00 என்று அச்சிட்டது. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. புள்ளியைக் கண்டதும் எண் முடிந்துவிட்டது என்று அது எடுத்துக்கொண்டது. ஐம்பது பைசா காணாமல் போனது. இலக்கங்களைப் பிரித்துக் காட்டச் சொன்னாலும் இதே கதை. இந்திய லோக்கேலில் 12,34,567, அமெரிக்க லோக்கேலில் 1,234,567, ‘சி’ லோக்கேலில் பிரிவே இல்லாமல் 1234567. பார்ப்பதற்கு மூன்றும் சரி. அதை மறுபடி ஒரு ஸ்கிரிப்ட் படித்துக் கூட்ட முயன்றால்தான் வினை.

ஸ்கிரிப்ட் எழுதியவரின் முனையத்தில் ஓடுகிறது, ஆனால் இரவில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் அதை ஓட்டும்போது விழுகிறது என்ற புகாரை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். முனையத்தில் உட்காரும்போது நம் லோக்கேல் நம்மோடு இருக்கிறது. கிரான் ஏறக்குறைய வெறுங்கையோடு ஸ்கிரிப்டை எழுப்புகிறது. லோக்கேல் சொல்லப்படாவிட்டால் ‘சி’ என்றுதான் பொருள். பகலில் 11 என்று எண்ணிய ஸ்கிரிப்ட் இரவில் 33 என்று எண்ணும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவில் உள்ள சர்வருக்குப் போகும்போது நேர்மாறாக நடக்கும். டெபியன், உபுண்டு கணினிகள் நம் லோக்கேலைக் கூடவே அனுப்பி வைக்கும். அந்தச் சர்வரில் தமிழ் லோக்கேல் நிறுவப்படாவிட்டால் எச்சரிக்கைகள் கொட்டும், பிறகு அது சத்தமில்லாமல் ‘சி’-க்குத் திரும்பிவிடும்.

அப்படியானால் ஸ்கிரிப்டின் தலையிலேயே ‘சி’ லோக்கேலை அறிவித்துவிட்டால் என்ன? பலரும் அதைத்தான் செய்கிறார்கள். மூல நிரலைத் தொகுக்கும் முன் ஓடுகிற கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்களே தொடக்கத்தில் அப்படித்தான் செய்கின்றன. அவற்றுக்கு அது பொருத்தம், ஏனென்றால் அவை படிப்பதெல்லாம் கட்டளைகளின் விடையைத்தான். அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. லாங் என்ற மாறியை மட்டும் மாற்றினால் போதாது. எல்சி_ஆல் என்ற மாறி அமைந்திருந்தால் அதுதான் எல்லாவற்றையும் மீறி நிற்கும், அதற்கு அடுத்தது தனித்தனி எல்சி மாறிகள், கடைசியில்தான் லாங். நானே பல வருடம் லாங் மாறியை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் உரக்கடையின் ஸ்கிரிப்ட் மனிதரோடும் பேச வேண்டும். தலையிலேயே ‘சி’ என்று எழுதிவிட்டால் அது தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளைத் திரையில் பட்டியலிடும்போது வகரம் 340, 256, 265 என்ற எண் சரமாகச் சிதறும். அப்பாவுக்கு உரிய கோப்புப் பெயர் அது. அவருக்கு அதை எண்ணாகக் காட்டுவது எந்த வகையிலும் தீர்வில்லை.

அதனால் நாங்கள் ஸ்கிரிப்டை வரி வரியாக எடுத்து, இந்த வரியின் விடையைப் படிக்கப் போவது யார் என்று கேட்டோம். இன்னொரு கட்டளை படிக்கப் போகிறது என்றால், அந்த ஒரு கட்டளைக்கு முன்னால் மட்டும் எல்சி_ஆல் மாறிக்கு ‘சி’ மதிப்பு. அந்தக் கட்டளை முடிந்ததும் அமைப்பு பழையபடி ஆகிவிடும். தமிழ் எழுத்தை எழுத்தாகவே கையாள வேண்டும், ஆனால் எந்த நாட்டு வழக்கமும் வேண்டாம் என்கிற இடத்தில் ‘சி.யூடிஎஃப்-8’. டெபியனில் நெடுநாளாக இருந்த இது, 2022-இல் வந்த ஜிலிப்சி 2.35 முதல் எல்லாருக்கும் பொதுவாயிற்று. அப்பா படிக்கப் போகிறார் என்றால் அங்கே எதையும் தொடுவதில்லை. அவருடைய கணினி எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியே பேசட்டும்.

இவ்வளவு செய்தும் சில கருவிகள் தமிழுக்கு இன்னும் பின்தங்கியே இருக்கின்றன. பாஷின் பிரிண்ட்எஃப், பத்தி அகலத்தை நெடுங்காலமாகப் பைட்டில்தான் கணக்கிட்டு வந்திருக்கிறது. ஊர்ப்பெயரை ஒரு பத்தியிலும் தொகையை அடுத்த பத்தியிலும் அச்சிட்டால் தொகைகள் கோணல்மாணலாக நிற்கும். ஆக் கட்டளையில் இரண்டு வகை புழங்குகிறது. கிஆக் தமிழ் லோக்கேலில் 11 என்று எண்ணும், உபுண்டுவில் இயல்பாக வரும் மாக் 33 என்று எண்ணும். லோக்கேல் சரியாக இருந்தும் கருவி மாறினால் விடை மாறுகிறது. மாணவர்களிடம் இதை நான் மறைப்பதில்லை.

பிள்ளை விரல் மடக்கி எண்ணிய ஆறுக்கு வழி இல்லாமலும் இல்லை. பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் இருக்கிறது. அதனிடம் விழுப்புரத்தைக் கொடுத்தால் வி, ழு, ப், பு, ர, ம் என்று பிரித்துத் தரும். கிரெப் கட்டளையிலும் பெர்ல் முறையைத் தேர்ந்து, பின்சாய்கோட்டுக்குப் பின் பெரிய எக்ஸ் போட்டுக் கேட்டால், யூடிஎஃப்-8 லோக்கேலில் ஆறு துண்டு வந்து விழும். எழுத்து என்பது என்ன என்று தொல்காப்பியர் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்ததை, மென்பொருள் இப்படி ஓரிரு இடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறது. அது பரவ வேண்டும் என்பது என் ஆசை.

அந்த மாணவி ஸ்கிரிப்டைத் திருத்தி முடித்ததும், அதை நான்கு முறை ஓட்டச் சொன்னேன். ஒருமுறை ‘சி’, ஒருமுறை தமிழ், ஒருமுறை பிரெஞ்சு, ஒருமுறை துருக்கி. துருக்கி எதற்கு என்று கேட்டார். அந்த லோக்கேலில் ஆங்கிலத்தின் பெரிய ஐ எழுத்தைச் சின்னதாக்கினால் புள்ளியில்லாத வேறொரு ஐ வரும், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாற்றத்தை நம்பியிருக்கிற வரிகள் அங்கேதான் பிடிபடும் என்றேன். என்னிடம் பாமினிக் காலத்து உறை ஒன்று இன்னும் இருக்கிறது. விழப்பரம் என்று அச்சான உறை. அதையும் எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு முறையும் நகல் கோப்புகள் ஒன்றுபோல இருந்தன. பெயரில் தேதி எண்ணாக இருந்தது, உள்ளே பைட்டுக்குப் பைட் மாற்றமில்லை. பிறகு தமிழ் அமைப்பிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அடுத்த வாரம் அப்பா எடுத்த ஒரு படத்தை அனுப்பியிருந்தார். கடை மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் யூரியா பில் புத்தகம். திரையில் ஒரே ஒரு வரி: ஞாயிறு, முழு நகல் முடிந்தது.